அவளுக்குக் கிடைக்காத நிச்சயம்

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. முந்தின நாள் மேரியில், அதாவது நகராட்சிக் கட்டடத்தில், கையெழுத்து. மறுநாள் கோயிலில் பூசை. எனக்கு இருபத்தாறு வயது, மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பத்தொன்பது. தாய் தகப்பன் இல்லாமல் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள், மடத்துத் தையல் கூடத்தில் மேசைத் துணிகளுக்குப் பூவேலை செய்துகொண்டிருந்தாள். பெண் கேட்டுப் போன என் அக்காவிடம் மடத்துத் தாயார், "பக்தியுள்ள பெண். கொஞ்சம் அதிகமாகவே பக்தி" என்று சொன்னாராம். அதில் ஓர் எச்சரிக்கை இருந்தது என்று அக்காவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கல்யாணமான முதல் மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், இருவரும் கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்க, பாவசங்கீர்த்தனம் செய்யப் போனோம். எனக்கு இரண்டு நிமிஷ வேலை. என் பாவங்கள் எப்போதும் ஒரே பாவங்கள்தான்: கோபம், சில்லறைப் பொய், எப்போதாவது வெள்ளிக்கிழமையில் கறி. சொல்லிவிட்டு லேசாக வெளியே வந்துவிடுவேன். அவள் வர கால் மணி நேரம் ஆனது. தெருமுனை வரை நடந்திருப்போம், நின்றுவிட்டாள்.

"ஏங்க, ஒண்ணு விட்டுட்டேன். இதோ வந்துடறேன்."

திரும்ப ஓடினாள். வந்தாள். வீட்டு வாசலை நெருங்கும்போது மறுபடி நின்றாள். மூன்றாம் தடவை நானும் கூடப் போனேன். வரிசையில் நின்ற பெண்கள் அவளைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். மறுநாள் பூசையில் எல்லோரும் நன்மை வாங்க, சாமியார் கொடுக்கும் அப்பத்தை நாக்கில் வாங்க, எழுந்து போனபோது அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அதே இடத்தில் முழந்தாளிட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நேத்து மூணு தரம் போய்ச் சொன்னியே, அப்புறம் ஏன் நன்மை வாங்கல?"

வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னாள். ஒன்பது வயதில் அவளுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நன்மை வாங்கும் நாள். அப்போதெல்லாம் நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. விடிகாலையில் கரித்தூளால் பல் விளக்கி வாய் கொப்பளித்தபோது கொஞ்சம் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"நானா முழுங்கினேனா, அதுவா உள்ள போச்சா, தெரியல. ரொம்பத் தாகமா இருந்துச்சு. அதான் பயம். வேணும்னு முழுங்கியிருந்தா அது சாவான பாவம், நேரா நரகம்தான். வெள்ளை கவுனெல்லாம் போட்டு, தலையில பூமுடி வெச்சு, மெழுகுவர்த்தி குடுத்து நிக்க வெச்சுட்டாங்க. யார்கிட்ட சொல்றது? அப்படியே போய் வாங்கிட்டேன்."

"அதை யார்கிட்டயும் சொல்லலியா?"

"பன்னெண்டு வயசுல சொன்னேன். ஆனா 'தண்ணி உள்ள போச்சு'ன்னு சொன்னேன். 'முழுங்கினேன்'னு சொல்லல. அப்புறம் பதினஞ்சு வயசுல 'முழுங்கினேன்'னு சொன்னேன். அது பொய்யா இருந்தா? செய்யாததைச் செஞ்சேன்னு சாமியார்கிட்டயே பொய் சொன்னதாயிடும். அதுக்கப்புறம் வாங்கின நன்மையெல்லாம் பாவத்தோட வாங்கினதுதானே?"

நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. சிரித்துக்கொண்டே சொன்னேன்: "இப்போ சட்டமே மாறிடுச்சு. பூசைக்கு முன்னாடி தண்ணி குடிக்கலாம்னு ரோமாபுரியிலேர்ந்தே உத்தரவு வந்தாச்சு."

"அன்னிக்கு மாறலியே" என்றாள்.

எங்கள் பங்குச் சாமியார் அப்போது ஒரு வயதான பிரெஞ்சுக்காரர். இந்த ஊருக்கு வாலிபனாக வந்து இங்கேயே நரைத்தவர். தொண்டையிலிருந்து ரகரத்தை உருட்டிப் பேசினாலும் தமிழ் நன்றாக வரும். நான் போய்ச் சொன்னதும் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவள் சொன்னதை முழுசும் கேட்டார். சிரிக்கவில்லை.

"மகளே, இந்தத் தண்ணி விஷயத்தை இனிமே யார்கிட்டயும் சொல்லாதே. என்கிட்டயும் சொல்லாதே. எனக்குக் கீழ்ப்படி, போதும். அது பாவமா இருந்தா ஆண்டவர் முன்னாடி நான் பதில் சொல்றேன். நான் கிழவன், உனக்கு முன்னாடி போய்ச் சேருவேன். போனதும் முதல் வேலையா உன் சமாசாரத்தைச் சொல்லிடறேன்."

அவள் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார்: "இது பக்தி இல்லை, மகனே. இது ஒரு நோவு. அவளோட தர்க்கம் பண்ணாதே. தர்க்கத்துல அவதான் ஜெயிப்பா."

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நாங்களும் மற்றவர்களைப் போல இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நன்மை வாங்கினாள். எனக்கு ஷிப்ட் இல்லாத காலைகளில் வைத்திக்குப்பம் கரைக்கு நடந்து போவோம். படகு வந்து மீன் கொட்டும்போது அவள் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்து மீனு" என்று மீன்காரியிடம் மல்லுக்கு நிற்பாள். மடத்தில் வளர்ந்த பெண்ணுக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று எனக்கு வேடிக்கையாக இருக்கும். பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் நாள் அந்தச் சாமியாரே ஞானஸ்நானம் கொடுத்தார்.

குழந்தைக்கு நாலு மாசம் இருக்கும். முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் குழந்தையை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, ஒரு டம்ளரிலிருந்து அதன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாயில் ஞானஸ்நான வார்த்தைகள். குழந்தை வீறிட்டு ஓய்ந்து, உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னடி பண்றே?"

"அன்னிக்குத் தண்ணி முடிமேலதான் பட்டுச்சு. தோல்ல பட்டுச்சான்னு நான் பாக்கலியே. படலேன்னா ஞானஸ்நானம் செல்லாது. செத்துப்போனா இது மோட்சத்தைப் பாக்காது."

"எத்தினி தரம் ஊத்தினே?"

"இன்னிக்கு மூணு."

குழந்தையைப் பிடுங்கித் துண்டால் சுற்றினேன். பிறகு அவளை அடித்தேன். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அவள் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அடிங்க. ஆனா தோல்ல பட்டுச்சான்னு சாமியாரைக் கேட்டு வந்து சொல்லுங்க" என்றாள்.

சாமியார் அப்போதே படுக்கையில் இருந்தார். தண்ணீர் தோலில் பட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக நடுங்கும் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். அவள் அந்தச் சீட்டைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு மாதத்தில் அவரை வைத்தியத்துக்காகக் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே வருஷக் கடைசியில் அவர் இறந்த செய்தி வந்தது. அவருக்காகக் கோயிலில் பூசை வைத்தபோது, கடைசி மாதங்களில் அவருக்கு நினைவு தப்பிப்போய், யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்தார் என்று யாரோ சொன்னார்கள். அது அவள் காதில் விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்தாள். "எனக்காகப் பதில் சொல்றேன்னாரு. நினைவே இல்லாம போயிட்டாரே. மறந்திருந்தா?"

"ஆண்டவருக்குமா மறக்கும்?" என்றேன். என்னால் முடிந்த பதில் அவ்வளவுதான்.

"அவரு மறக்கமாட்டாரு. அதான் பயமா இருக்கு" என்றாள்.

புதிதாக வந்த சாமியார் நம்மவர், இளவயது, சுறுசுறுப்பானவர். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் எழுப்புவதில் முனைந்திருந்தார். ஆயுசு பூராவும் செய்த பாவங்களை ஒரே தடவையாகச் சொல்லி முடித்துவிடச் சொன்னார். அவள் ஏழு தாளில் எழுதிக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் படித்தாள். மன்னிப்பும் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை மறுபடி போய் நின்றாள். அதற்கடுத்த சனிக்கிழமையும். மூன்றாம் வாரம் அவர் பொறுமை இழந்துவிட்டார்.

"அம்மா, உங்களுக்குப் பின்னால இருபது பேர் நிக்கறாங்க. ஆண்டவரோட இரக்கத்தைச் சந்தேகப்படறதே பெரிய பாவம்மா. போய் நிம்மதியா இருங்க."

நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அவள் அதில் ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இது வரை பாவத்தைப் பற்றித்தான் சந்தேகம். இனிமேல் சந்தேகப்படுவதே பாவம்.

வீட்டில் சமையலும் நின்றுபோனதைக் கேள்விப்பட்டு, மூலக்குளத்திலிருந்த என் அக்கா வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. என் பெண்டாட்டி அழுவாள், தடுப்பாள் என்று பயந்தேன். குழந்தையின் துணிகளை அவளே மடித்துக் கொடுத்தாள். "அங்கியே இருக்கட்டும், அண்ணி. என் கை படாம இருந்தா அதுக்கு நல்லது."

மில்லில் தறிகளைப் பழுது பார்க்கிற பிட்டர் ஒருவர் இருந்தார். தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரும் கிறிஸ்தவர்தான், ஆனால் வேறு சபை. என் தறியில் நூல் அறுந்து ஓடுவதைக்கூடக் கவனிக்காமல் நான் நின்றதைப் பார்த்து, தறியை நிறுத்திவிட்டு, "என்ன தம்பி, வீட்டுல எதுவும் கஷ்டமா?" என்று கேட்டார். யாரிடமாவது சொல்லத்தான் காத்திருந்தேன் போல, எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரு ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

வேறு சபையார் செபத்துக்குப் போவது அந்தக் காலத்தில் எங்களுக்குப் பெரிய குற்றம். தெரிந்துதான் போனேன். பிள்ளைச்சாவடி போகிற ரோட்டில் அவருக்கு ஓர் ஓட்டு வீடு. பாயில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுரூபம், சிலை எதுவும் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. அவள் சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். ஜெபம் முடிந்ததும் கேட்டாள்:

"நான் என்ன செய்யணும்?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சகோதரி" என்றார் பிட்டர். "செய்ய வேண்டியதை அவர் சிலுவையில செஞ்சு முடிச்சுட்டாரு. நீங்க சரியாச் சொன்னீங்களா, மனசு வருந்தினது போதுமா, ஒண்ணும் பாக்க வேண்டாம். உங்களைப் பாக்காதீங்க, அவரைப் பாருங்க. அவரை நம்பினா இந்த நிமிஷமே ரட்சிப்பு உங்களோடது."

"நிச்சயமா?"

"நிச்சயம், சகோதரி."

அவள் அழுதாள். பிட்டரின் மனைவி அவளை அணைத்துக்கொண்டு காப்பி கொடுத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் என் பக்கத்திலேயே நடந்து வந்தாள். நடை மாறியிருந்தது, கை வீசி நடந்தாள்.

மூன்று வாரம் இருக்கும். வீட்டில் மறுபடி குழம்பு வாசனை வந்தது. அக்கா வீட்டிலிருந்து குழந்தையைக் கூட்டிவந்தாள். அதற்கு ஒரு கவுன் தைத்து, கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னதாகப் பூப் போட்டாள். எந்தச் சபை, யார் சொன்னது சரி என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. என் பெண்டாட்டி சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கையில் வைத்தபடியே கேட்டாள்: "ஏங்க, நம்பறதுன்னா என்ன?"

தட்டைப் பார்த்தபடியே சொன்னேன்: "நம்பறதுன்னா நம்பறதுதான்."

"நான் நம்பினேனா, இல்ல நம்பினாப்பல இருந்துச்சா? நரகத்துக்குப் பயந்துதானே நம்பினேன். பயத்துல நம்பினா அது நம்பிக்கையா? முன்னல்லாம் சரியாச் சொன்னேனான்னு தெரியல. இப்போ சரியா நம்பினேனான்னு தெரியல. சொன்னதையாவது தாள்ல எழுதிப் பாக்கலாம். இதை எங்க போய்ப் பாக்கறது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிட்டர் வீட்டில் எல்லோர் முன்னாலும் அவரைக் கேட்டாள். "அண்ணே, உங்களுக்கு ஒரு நாள்கூடச் சந்தேகம் வந்ததில்லியா?"

அவர் வாயைத் திறந்தார், நிறுத்தினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். மனைவி பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "வந்திருக்கு, சகோதரி. எம் பையன் செத்த வருஷம் வந்துச்சு" என்றார். அதற்கு மேலும் அரை மணி நேரம் பேசினார். நம்முடைய பிடி நழுவினாலும் அவருடைய பிடி நழுவாது என்று கண்ணில் தண்ணீர் வரச் சொன்னார். அழகாகத்தான் சொன்னார். எனக்கே ஆறுதலாக இருந்தது.

ரோட்டுக்கு வந்ததும் அவள், "அவருக்கே வந்திருக்கு" என்றாள். அந்த வீட்டுக்கு அப்புறம் அவள் வரவில்லை. குழந்தையை மறுபடி மூலக்குளத்துக்குக் கொண்டுபோய் விட்டேன்.

நாங்கள் போய் வந்தது கோயிலுக்குத் தெரிந்துவிட்டது. சாமியாரே வீட்டுக்கு வந்தார். வேறு சபையில் சேர்ந்து செபித்ததற்கு மன்னிப்புக் கொடுக்க ஆயர் இல்லத்திலிருந்து அனுமதி வர வேண்டும், எழுதிக் கேட்கிறேன் என்றார். அதைச் சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அவள் எழுந்து நின்று, "பரவால்ல சாமி. மெதுவா வரட்டும்" என்றாள். அந்தக் குரல் எனக்குப் புதிது. அதில் பயம் இல்லை. பயம் இருந்த வரைக்கும் ஏதோ எதிர்பார்ப்பும் இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

அனுமதி வர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் அவள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வந்து, பிறகு கஞ்சிக்கு வந்துவிட்டாள். "உபவாசமா?" என்று கேட்டால், "இல்லீங்க, பசிக்கல" என்பாள். மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்த அன்றும் பசிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதினார். அவள் வெளியே போனதும், "இது மனசு சம்பந்தப்பட்டது. மெட்ராசுல இதுக்குன்னு ஆஸ்பத்திரி இருக்கு, கொண்டுபோங்க" என்றார். நான் கொண்டுபோகவில்லை. பைத்தியக்காரி புருஷன் என்று தெருவில் பேசுவார்களே என்று நினைத்தேன். நாளைக்குச் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். இரண்டில் எது அதிகம் என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த ஐப்பசி மழையில் அவளுக்கு டைபாய்டு கண்டது. எதிர்க்க உடம்பில் ஒன்றும் இல்லை. பதினைந்தாம் நாள் சாமியார், சாகக் கிடக்கிறவர்களுக்குச் செய்யும் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வந்தார். கண்ணிலும் காதிலும் உதட்டிலும் உள்ளங்கையிலும் பாதத்திலும் எண்ணெய் பூசினார். மடத்தில் பழக்கியபடி, சொன்னதற்கெல்லாம் கையை நீட்டினாள், காலை நீட்டினாள். அவர் போன பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, நான் மோட்சம் போவேனா?"

"போவே."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். தயங்காமல் சொல்ல வேண்டும் என்று பல நாளாகவே மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். பிட்டரைப் போல வாயடைத்துவிடக் கூடாது.

தலையணையில் முகத்தை என் பக்கம் திருப்பினாள். "நீங்க நல்லவரு. அதான் அப்படிச் சொல்றீங்க."

கொஞ்சம் கழித்து, "பாப்பாவுக்குச் சளி விட்டுடுச்சா?" என்று கேட்டாள். விட்டுவிட்டது என்றேன். அது உண்மை. மறுநாள் நினைவு தப்பியது. அதற்கடுத்த நாள் மத்தியானம், இரண்டாம் ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதி முடித்த கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு வந்த பெண்கள் சம்மனசு மாதிரி, தேவதூதர் மாதிரி முகம் என்றார்கள். நான் பார்த்த முகம் அப்படி இல்லை. களைத்துப் போனவளின் முகம், வேறொன்றும் அதில் எழுதியிருக்கவில்லை. கல்லறை வாசலுக்கு வெளியே பிட்டர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், உள்ளே வரவில்லை. நான் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் பொய் சொல்லியிருக்கணுமோ, தம்பி?"

"தெரியல, அண்ணே" என்றேன். நான் சொன்ன பொய்யாலும் ஒன்றும் ஆகவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. சில மாதங்களில் அவர் வேலையை விட்டுத் தெற்கே போய்விட்டார்.

நாலு வருஷம் கழித்து ஊர் முழுக்க ஒரே பேச்சு, பிரெஞ்சுப் பிரஜையாக இருப்பதா, இந்தியப் பிரஜையாக இருப்பதா என்று. நான் அதில் எல்லாம் கலந்துகொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை பழக்க தோஷத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். முழந்தாளிட்டதும் என் வழக்கமான பாவங்கள் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"சாமி, அவ இப்ப எங்க இருப்பா?"

சன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் என் குரலை அடையாளம் கண்டுகொண்டார். "ஆண்டவரோட இரக்கத்துல இருப்பாங்க. நம்பிக்கையா இருங்க."

"நிச்சயமாத் தெரியுமா, சாமி?"

மெல்லிய குரலில், "அதை நான் எப்படிச் சொல்ல முடியும்?" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. பாவமும் சொல்லாமல் மன்னிப்பும் வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். வாழ்நாள் முழுக்க இதை ஒரு தடவைகூடக் கேட்காத நான் எத்தனை லேசாக இந்தக் கோயில் படியில் இறங்கிப் போயிருக்கிறேன். தினம் தினம் கேட்டவளுக்கு ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

மகள் அக்கா வீட்டிலேயே வளர்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனபோது அக்கா கேட்டாள்: "கோயில்ல ஞான உபதேச வகுப்புல சேக்கற வயசாச்சுடா. அடுத்த வருஷம் புதுநன்மை குடுத்துடலாம். என்ன சொல்றே?"

நான் எழுந்து, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகளிடம் போனேன். அடுத்த வாரம் அக்காவே அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.